மாப்பிள்ளையின் இன்ஜினும் மாமனாரின் கேட்டும்

காரிமங்கலம் பக்கம்,
வெள்ளிக்கிழமை காலை.

புனேயில் இன்ஜின் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மாப்பிள்ளை ரஞ்சித்குமார் அவர்களுக்கு, உங்கள் மாமனார் மாதேஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் எருமையும் அடுத்த வீட்டுக் குள்ளம்மாளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகள் சோபனாவும் பேத்தி பிரியதர்ஷினியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். உங்கள் கம்பெனியின் நாலு சிலிண்டர் இன்ஜின்களின் சுகத்தை மட்டும் நான் விசாரிக்கப் போவதில்லை. அவை அத்தனையும் நல்ல ஆரோக்கியத்தோடு தினமும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கடிதமே அதைப் பற்றிய புகார்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்பீர்கள், நான் "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்பேன், அதோடு நம் பேச்சு முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து நாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். காகிதத்தில் யாரும் "அப்புறம்?" என்று கேட்கமாட்டார்கள் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். சோபனா என் மேல் கோபமாக இருக்கிறாள். கோபம் என்றால் கத்துகிற கோபம் இல்லை. நான் நாலு வார்த்தை பேசினால் அவள் ஒரு "ம்" போடுகிறாள். அவள் அம்மாவும் இதே மாதிரி "ம்" போடுவாள், அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நீங்கள் முழுசாகப் படித்து, அவள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது பாதி, உங்கள் கம்பெனியுடையது பாதி.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். நான் ஓட்டிய லாரியும் உங்கள் கம்பெனியின் நாலு சிலிண்டர்தான், பழைய தலைமுறை. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று சோபனாவின் அம்மா காசியம்மாள் ஜாதகத்தைக் கேட்டாள். நான் எந்த இன்ஜின் கம்பெனி என்று மட்டும் கேட்டேன். பதிலைக் கேட்டதும் உள்ளே போய், "பையன் நல்ல பையன், கேசரியக் கிண்டு" என்று சொல்லிவிட்டேன். அந்த லாரியில் நான் தக்காளியும் மாங்காயும் புளியும் ஏற்றிக்கொண்டு போகாத ஊர் இல்லை. திரும்பி வரும்போது ரைஸ் மில் திருப்பத்தில் மூன்றாவது கியரை இரண்டாவதுக்குத் தள்ளுவேன், இன்ஜின் ஒரு கத்துக் கத்தும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் காசியம்மாள் கொதிக்கிற உலையில் கேழ்வரகு மாவைப் போடுவாள். நான் வண்டியை நிறுத்தி, கைகால் கழுவி உட்காரும்போது களி ஆவி பறக்கத் தட்டில் இருக்கும். எத்தனையோ வண்டிகள் அந்தத் திருப்பத்தில் திரும்பின. ஒரு நாளும் அவள் வேறு வண்டிக்கு மாவு போட்டதில்லை. எப்படிடி கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால், "உங்க வண்டிக்குத் தொண்டை கட்டியிருக்குதுங்க" என்பாள். அவள் போன பிறகு, எனக்குக் கண்ணில் புரையும் வந்த பிறகு, லாரியை விற்றுவிட்டேன். இப்போது அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மில் திருப்பத்தில் சத்தம் கேட்கிறது. யாருக்கு மாவு போடுவது என்றுதான் தெரியவில்லை.

போன பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் பெங்களூரில் வேன் பிடித்து வந்தீர்கள். அந்த வேனும் அதே சத்தத்தோடு திரும்பியது, நான் எழுந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு நீங்கள்தான் அதை விளக்கினீர்கள். "ஒரே பிளாக்குதாங்க மாமா. டர்போவ மாத்தி, டியூனிங்க மாத்தி எல்லாத்துக்கும் போட்டுடுவோம். லாரி, மினி பஸ், ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், தண்ணி டேங்கர், எல்லாம் ஒரே ஃபேமிலி." எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்! நானும் பெருமையாகத்தான் தலையை ஆட்டினேன். ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்று சிலிண்டர் எரிகிற வரிசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னபோது, பாப்பா அதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வாசலில் குதித்தாள். பொங்கல் முடிந்து நீங்கள் கிளம்பிப் போனீர்கள். உங்கள் இன்ஜின் குடும்பம் போகவில்லை. அதில் பெரியது, சின்னது, ஒன்றுவிட்டது எல்லாம் எங்கள் ரோட்டிலேயே வேலை பார்க்கின்றன. என் குடும்பம் புனேயில் இருக்கிறது. சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நான் கேட்டுக்கு ஓட ஆரம்பித்தேன். இதில் நான் பட்ட பாட்டை இனிமேல் சொல்கிறேன்.

முதலில் ஸ்கூல் வேன். காலையில் அது திரும்பியதும் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து நிற்பேன். இரண்டு மூன்று நாள் பார்த்த டிரைவர் யாரோ புதுப் பிள்ளையை ஏற்ற வேண்டும்போல என்று வண்டியை நிறுத்தி, "குழந்த எங்கீங்க?" என்றார். எந்தக் குழந்தை என்று நான் சொல்வேன்? "ஊருக்குப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷர், அதிலிருந்து தினமும் நிறுத்தி, "வந்துடுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் எல்லாம் "தாத்தா டாட்டா" என்று கத்துகிறார்கள். இதை நான் புகாராகச் சொல்லவில்லை, வரிசையில் வந்ததால் சொன்னேன். அடுத்தது தண்ணி டேங்கர். அது பின் தெருக் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியது. நான் கேட்டைப் பப்பரப்பா என்று திறந்து வைத்து நின்றதால் வீடு இதுதான் என்று டிரைவர் பின்பக்கமாக வண்டியை உள்ளே விட்டார். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை, பின்னால் வருகிற வண்டியைக் கண்டால் லாரிக்காரன் கை சும்மா இருக்காது. "வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க, இன்னும் வரலாம், போதும்" என்று சுத்தமாக நிறுத்த வைத்தேன். அவர் இறங்கி என்னைப் பாராட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். என் வீட்டுச் சிமெண்டுக் களத்தில் குள்ளம்மாள் காயப்போட்டிருந்த கேழ்வரகு மொத்தமும் மிதந்துகொண்டு ரோட்டுக்குப் போனது. குள்ளம்மாள் விளக்குமாறோடு ஓடி வந்து, "தண்ணி வேணும்னு உங்ககிட்ட யாரு அழுதாங்கண்ணா?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் அன்றைக்குச் சமையல் தாமதமாகி, எனக்கும் பந்தியில் சாப்பாடு தாமதமானது.

மினி பஸ் விஷயம் இன்னும் கேவலம். வெயிலுக்குக் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நின்று பார்த்தேன். கை காட்டுகிறேன் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர், "ஏறு பெருசு, சீக்கிரம், டைம் ஆவுது" என்று கையைப் பிடித்துத் தூக்கினார். பனியனோடு, செருப்பில்லாமல் ஏறி உட்கார்ந்தேன். இறங்கிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "எந்த ஊருங்க? பசங்க எத்தினி பேரு?" என்று கேட்டுவிட்டார். அப்படி யாராவது கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதால் எனக்கு இறங்க மனசு வரவில்லை. சோபனா படித்தது, உங்கள் வேலை, பாப்பா இங்கிலீஷில் பாடுவது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் காரிமங்கலம் வந்துவிட்டது. அவர் இறங்கிப் போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போதெல்லாம் எங்கள் வாசலில் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாக்கி, "பெருசு, இன்னிக்கு டவுனுக்கு வரலையா?" என்று கேட்கிறார்.

ஆம்புலன்ஸ் கதைதான் ஊரையே கூட்டிவிட்டது. முட்டி ஆபரேஷன் முடிந்த எங்கள் ஊர்ச் சின்னம்மாளை வீட்டில் கொண்டுவந்து விட அது சைரன் போடாமல் வந்தது. சைரன் போட்டிருந்தால் நான் ஏன் எழுந்திருக்கப் போகிறேன்? கொல்லையில் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவன், மில் திருப்பத்தில் சத்தம் கேட்டு, போட்டது போட்டபடி ஓடி வந்தேன். மூச்சு வாங்கியது. ஒரு கையால் கேட்டையும் ஒரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வழி கேட்க நிறுத்திய ஆம்புலன்ஸ் பிள்ளைகள் என் நிலைமையைப் பார்த்துவிட்டு நோயாளி நான்தான் என்று கீழே குதித்து, என்னைப் பிடித்து உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்தார்கள். நோய் ஒன்றும் இல்லை என்றாலும் பிரஷர் மட்டும் இருந்தது. "வூட்ல கூட யாருங்க இருக்காங்க?" என்று கேட்டாள் கூட வந்த நர்சுப் பெண். "இப்ப வந்துடுவாங்க" என்றேன். அவள் திரும்பிக் காலிக் கேட்டையும் ரோட்டையும் பார்த்தாள். நான் நல்லபடியாக எழுந்து நடந்து காட்டிய பிறகுதான் அவர்கள் போனார்கள். ஆனால் மாதேஸ் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது என்ற செய்தி அதைவிட வேகமாகப் போய்விட்டது. சாயங்காலம் என்னோடு கிளீனராக இருந்த மாது, சந்தையில் ரோஜாமாலை வாங்கிக்கொண்டு, "அண்ணா, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதுகொண்டே உள்ளே வந்தான். நான் களி தின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவனும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து ஒரு உருண்டை தின்றான். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் காசியம்மாள் படத்துக்குப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு அவள் படம் ரொம்ப நன்றாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் குள்ளம்மாள் பஞ்சாயத்துக்கு வந்தாள். "நீங்க போயிட்டீங்கன்னு எங்க சொந்தக்காரங்க அரூர்ல இருந்து போன் பண்ணித் துக்கம் விசாரிக்கறாங்கண்ணா. உசுரோட இருக்கற மனுசனுக்கு நான் எத்தினி பேருக்குப் பதில் சொல்றது? இனிமே நான் வெளிய போற நாள்ல உங்க கேட்ட வெளிப்பக்கமாப் பூட்டிட்டுத்தான் போவேன். சத்தம் கேட்டா பின்னாடி போயி மோட்டாரப் போட்டுடுங்க. அந்தச் சத்தத்துல இது காதுல வுழாது" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. வராத ஆட்களுக்காக ஒரு மனுஷன் எத்தனை தடவை கேட்டுக்குப் போவான்? காசியம்மாள் படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் எந்த நாலு சிலிண்டருக்கும் எழுந்திருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பூட்டும் நானே கொடுத்தேன், நம்ம லாரிக் கதவுக்குப் போட்டிருந்த பழைய பூட்டு.

மாப்பிள்ளை, இதற்கு மேல் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சந்தைநாள். குள்ளம்மாள் கேட்டைப் பூட்டி, சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு காரிமங்கலம் போய்விட்டாள். வெயில் சாய்கிற நேரம் மில் திருப்பத்தில் சத்தம் கேட்டது. கால் தானாக எழுந்தது. சத்தியத்தை நினைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டேன். கரண்டு இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? என் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து ஜோராக ஓடியது. தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அந்த இன்ஜின் கேட்டது. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. மற்ற வண்டிகள் மாதிரி அது தாண்டிப் போகவில்லை. எங்கள் வாசலிலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் மாதிரியும் இருந்தது. ஆள் குரல் மாதிரியும் இருந்தது. டேங்கர்காரர்தான் இன்னொரு தரம் வீடு தெரியாமல் நிற்கிறார், குள்ளம்மாளின் மிச்சக் கேழ்வரகும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இந்தத் தடவ ஏமாறமாட்டேன்டா" என்று எருமையிடம் வாய்விட்டே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மாப்பிள்ளை. சிரிப்புக்கூட வந்தது.

குள்ளம்மாள் வந்து பூட்டைத் திறக்கும்போது, கேட்டில் ஒரு பை மாட்டியிருந்தது. உள்ளே எனக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு டப்பா இனிப்பு. கேட்டுக் கம்பிக்கு நடுவில் பாதி கடித்த முறுக்கு ஒன்று செருகியிருந்தது. அது யார் கடித்தது என்று பல்லைப் பார்த்தாலே தெரிந்தது. முன்பல் விழுந்த வாய். பெங்களூரில் சிநேகிதி கல்யாணத்துக்கு வந்த சோபனா, எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் வேன் பிடித்து, கூட வந்தவர்களோடு ஒகேனக்கல் போகிற வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். வெளிப்பூட்டைப் பார்த்திருக்கிறாள். போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், போன் உள்ளே அலமாரியில் அடித்திருக்கிறது. மற்றவர்களை எவ்வளவு நேரம் காக்க வைப்பாள்? நான் உடனே கூப்பிட்டேன். "எப்பக் கேட்டாலும் வூட்லதாம்மா இருக்கேன்னு சொல்வீங்க. நாங்க வந்த அன்னிக்கு மட்டும் எங்கப்பா போயிட்டீங்க? பாப்பா கேட்டப் புடிச்சிட்டு வரவே மாட்டேன்னு அழுதா" என்றாள். வீட்டில்தான் இருந்தேன், நீ நின்றது காதில் விழுந்தது, வேண்டுமென்றேதான் வரவில்லை என்று எந்த அப்பன் மகளிடம் சொல்வான்? பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு விசேஷம் என்று பொய் சொல்லிவிட்டேன். "பரவால்லப்பா, உங்களுக்கும் நாலு வேல இருக்கும்ல" என்றாள். அன்றிலிருந்துதான் அந்த "ம்". எனக்கு ஒரு வேலையும் இல்லை மாப்பிள்ளை. அதை மட்டுமாவது அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் வேறு எங்கும் போகவில்லை, அவளை நினைத்து நினைத்து ஓடி அலுத்துப்போய், அவள் வந்த அன்றைக்குத்தான் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆகவே இப்போது உங்கள் கம்பெனி மேலதிகாரிகளின் மேலான கவனத்துக்கு என் கோரிக்கையைக் கொண்டுபோக வேண்டுகிறேன். ஒரே குடும்பம் என்றாலும் அண்ணன் குரல் வேறு, தம்பி குரல் வேறாகத்தான் இருக்க வேண்டும். டேங்கர் வந்தால் டேங்கர் என்று தெரிய வேண்டும். ஆம்புலன்ஸ் கொஞ்சம் மெலிந்த குரலில் வரட்டும், மினி பஸ் அதட்டலாக வரட்டும், ஸ்கூல் வேனுக்கு எப்படி இருந்தாலும் சரி. வெளியூரிலிருந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வேனுக்கு மட்டும், மோட்டார் ஓடினாலும், காது மந்தமானாலும், சத்தியமே செய்திருந்தாலும் தப்ப முடியாத மாதிரி தனியாக ஒரு சத்தம் வைத்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் இவ்வளவு படித்தவர்கள். சைலன்சரில் ஏதாவது செய்தால் முடியாதா?

சோபனாவுக்கும் பாப்பாவுக்கும் உங்களுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க காசியம்மாளும் நானும் ஆசீர்வதிக்கிறோம். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பாப்பாவின் புதுப் பல் முளைத்துவிட்டதா என்று எழுதவும். முறுக்கு இன்னும் டப்பாவில் இருக்கிறது, எறும்பு வராமல் பார்த்துக்கொள்கிறேன். வேட்டி சட்டை சரியான அளவு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள மாமனார்,
மாதேஸ்.

பி.கு.: மேலே எழுதியதை மடித்துக் கவருக்குள் வைக்கும்போது மில் திருப்பத்தில் சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டேன். ஸ்கூல் வேன்தான். டிரைவர் "வந்துடுச்சுங்களா?" என்றார். "போன வாரம் வந்துட்டுப் போச்சுங்க, நான்தான் பாக்கல" என்றேன். திரும்பி வந்து யோசித்ததில், நான் கேட்டது தப்பு என்று படுகிறது. ஆகையால் சத்தம் மாற்றுகிற விஷயத்தை உங்கள் அதிகாரிகளிடம் சொல்லவே வேண்டாம். குள்ளம்மாளிடமிருந்து சாவியையும் பூட்டையும் வாங்கி எருமைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். சத்தியத்தைக் காசியம்மாளிடம் சொல்லி வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு குரல் வைத்துவிட்டால், அது திரும்பும்போதே நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோகும். இப்போது அப்படியில்லை. எந்த வண்டியாக இருந்தாலும், மில் திருப்பத்திலிருந்து எங்கள் கேட் வரைக்கும் அதில் சோபனாவும் பாப்பாவும்தான் வருகிறார்கள். அதில் கையை வைத்துவிடாதீர்கள்.